பத்தரைப் பூசை

நின்றும் நிற்காத பஸ்ஸிலிருந்து குதித்தான் ஞானரட்ணம்.

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. மணி பத்து பதினெட்டு. பத்தரைக்குத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை.

ஓடினான்.

பெற்றோல் நிலையத்துச் சட்டை, நெஞ்சில் பெயர்த் தகடு. ஷிப்ட் முடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. மானேஜர் கத்தக் கத்த வெளியே வந்துவிட்டான். வேலை போனால் போகட்டும்.

கையில் கசங்கிய ஒற்றைத் தாள். மாதம் ஒரு தடவை நடக்கும் தமிழ்ப் பூசையின் அறிவித்தல். இம்மாகுலேற் அக்காதான் அதைப் போட்டோகொப்பி எடுத்து, பூசை முடிந்ததும் கோவில் வாசலில் கொடுப்பவர். இன்று கோவிலுக்குப் போகிற வழியில் காருக்குப் பெற்றோல் அடிக்க வந்தவர், கண்ணாடி ஓட்டைக்குள்ளால் ஒன்றை நீட்டினார்.

“உதென்ன ஞானம், உன்ர தம்பியின்ர பேரைச் செத்த ஆக்களுக்குள்ள போட்டுக் கிடக்கு? டைப் அடிச்சவனுக்குக் கண் பொட்டையோ?”

‘செபமாலைமுத்து அருள்நேசன் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.’

டைப் அடித்தவனின் கண்ணில் ஒரு பழுதும் இல்லை.

அருள்நேசன் செத்துப் பதினொரு மாதம்.

அது ஞானரட்ணத்துக்குத் தெரியும். கிரேக்கத் தீவொன்றில் மாட்டிக்கொண்டு கிடக்கும் யோகராஜாவுக்குத் தெரியும். லண்டனில் வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது. கட்டிய மனைவியிடம்கூட ஞானரட்ணம் மூச்சு விட்டதில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் பூசை தொடங்கும். தொடங்கும்போதே சுவாமி அந்தப் பெயரை உரத்து வாசிப்பார். முன் வாங்கிலில் கைக்குழந்தையோடு மரியநாயகி இருப்பாள்.

அருள்நேசனின் மனைவி.

துருக்கிக் கரையிலிருந்து அந்தத் தீவுக்குப் பதினாறு பேரோடு புறப்பட்ட சின்ன வள்ளம். கரை சேர்ந்தது நாலு பேர். அவர்களில் ஒருவன் யோகராஜா. அவன் போன் எடுத்துச் சொன்ன அன்றைக்கு மரியநாயகிக்கு எட்டு மாதம். பிளேனில் முதலில் வந்து சேர்ந்தவள், நோர்பரியில் ஞானரட்ணத்தின் வீட்டு மேலறையில் புருஷனுக்காகக் காத்திருந்தாள்.

பிள்ளை பிறக்கட்டும் என்று பார்த்தான். பிறந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் மாறட்டும் என்றான். மாறியது. ஞானஸ்நானம் முடியட்டும் என்றான். அதுவும் முடிந்தது. வாய்தான் வரவில்லை.

அந்த வள்ளத்துக்கு ஏஜென்சிக்காரனைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான்.

வாய்க்குப் பதிலாகக் கை வேலை செய்தது. தம்பி எழுதுகிற மாதிரியே கடிதம் எழுதி யோகராஜாவுக்கு அனுப்புவான். அவன் அங்கே முத்திரை ஒட்டித் தபாலில் போடுவான். அண்ணனுக்கும் தம்பிக்கும் எழுதப் பழக்கியவர் ஒரே தகப்பன். எழுத்து அச்சு அசல்.

எழுத விஷயத்துக்கும் பஞ்சமில்லை. எண்பத்தைந்தில் அவனே அதே தீவில் பதினாலு மாதம் கிடந்தவன்.

‘விடிய எழும்பி ஊருக்குள்ளால் ஒரு நடை நடப்பேன். வெதுப்பகத்து மனுசி சுடச்சுட ஒரு பாண் துண்டு தருவா. ஆடுகள் றோட்டை மறிச்சு நிற்கும். கோப்பிக் கடை வாசலில் கிழவர்கள் கையைக் காட்டுவினம். பொலிஸ்காரனும் காட்டுவான். ஒலிவ் ஆயிற காலம் முடியுமட்டும் அவன் எங்களைப் பிடிக்க மாட்டான்.’

ஒரேயொரு கஷ்டம். புருஷன் பெண்சாதிக்கு எழுதுகிற சொல் ஒன்றாவது வேண்டும். தம்பியின் மனைவிக்கு அதை எழுத அவனுக்குக் கை கூசியது. இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கிழித்தான். அதனால் கடிதத்தில் இன்னும் ஒரு தெரு நடந்தான். இன்னும் நாலு ஆடு சேர்த்தான்.

மரியநாயகி அவற்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்து உரத்து வாசிப்பாள்.

“பாருங்கோ பெரியத்தான், உங்கட தம்பி அங்க ராசா மாதிரி ஊர் சுத்திறார். நாங்கள் இஞ்ச குளிருக்க கிடந்து சாகிறம்.”

அவன் சோற்றைப் பார்த்தபடியே சிரிப்பான்.

இப்போது எவனோ கெடுத்துவிட்டான். தப்பிய மற்ற மூன்று பேரில் ஒருவன் லண்டன் வந்து சேர்ந்திருக்க வேண்டும். புண்ணியம் என்று நினைத்துப் பூசை கொடுத்திருப்பான், படுபாவி.

கோவிலின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். பத்து இருபத்தேழு.

சுவாமி பூசை உடுப்பைத் தலைக்கு மேலால் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு ஷிப்டுக்காரனை அவர் ஞாயிற்றுப் பூசையில் கண்டு ஒரு வருஷத்துக்கு மேல்.

“சுவாமி, அருள்நேசன்ர பேரை வாசிக்காதேங்கோ! உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். மரியநாயகிக்கு ஒண்டும் தெரியாது. ஆர் சுவாமி உந்தப் பூசையைக் குடுத்தது? எவன்?”

சுவாமியின் கை உடுப்பின் மடிப்பில் நின்றது. கதவுக்கு அப்பால் ஒரு குழந்தை சிணுங்கியது. தாய் தட்டிக்கொடுக்கும் சத்தமும் கேட்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“முதல் காயிதம் வந்த கிழமையில இருந்து மாசாமாசம் அவதான் குடுக்கிறா, ஞானரட்ணம். பேரை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு கேட்டவ. இந்த மாசம்தான் சத்தமா வாசிக்கச் சொன்னவ. பெரியத்தான் இனியும் எழுதி எழுதிச் சாகக்கூடாதாம்.”