ஏத்தலாமா?

"பேரு விழாம எடு தமிழ். கோடு மட்டும் தெளிவா விழுந்தா போதும்."

டாக்டர் கனிமொழி சொன்னபடியே, இ.சி.ஜி. தாளில் நோயாளியின் பெயர் இருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, டாக்டரின் போனிலேயே படம் எடுத்தாள் நர்ஸ் தமிழ்ச்செல்வி. சின்னச் சின்னக் கட்டம் போட்ட இளஞ்சிவப்புத் தாள். அதில் கோடு குபீரென்று ஏறுவதும் சரிவதுமாக ஓடியிருந்தது.

கட்டிலில் சம்பந்தம் வேர்வையில் நனைந்து கிடந்தார். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள் மனைவி சின்னம்மாள். அப்போது போனில் தன் கல்யாணப் புடவைக்கு பார்டர் பார்த்துக்கொண்டிருந்த கனிமொழிக்கு, ஆளைப் பார்த்ததும் கல்யாணமே மறந்துபோயிற்று.

"தறியில உக்காந்துகினு இருந்தவரு, அப்பிடியே நெஞ்சப் புடிச்சிகினு சாஞ்சிட்டாருமா! எப்படியாச்சும் காப்பாத்துங்கம்மா!"

மாரடைப்பு என்பது தாளைப் பார்த்ததுமே கனிமொழிக்குத் தெரிந்துவிட்டது. அடைப்பைக் கரைக்கும் மருந்தும் கையிலேயே இருந்தது. வேலூருக்கு அனுப்பினால் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். கணிப்பு தப்பாக இருந்து மருந்தை ஏற்றிவிட்டாலோ, மூளையில் ரத்தம் கசிந்து அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும்.

'என்னைக் கேக்காம எதையும் ஏத்தாதே' என்பது வேலூர் இதய டாக்டர் துரைக்கண்ணு போட்டிருந்த சட்டம். ஒரு தடவை அதை மீறி, டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பேர் முன்னிலையிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் கனிமொழி. அன்றிலிருந்து தன் கண்ணைவிட அவர் பதிலைத்தான் நம்பினாள்.

"துரைக்கண்ணு சாருக்கு அனுப்பு. மருந்து ஏத்தலாமான்னு கேளு." அவளுடைய இரண்டு கைகளும் சம்பந்தத்தின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தன.

"துரைக்கண்ணுன்னு மேலயே இருக்குது டாக்டர்."

"அவருதான். ஜல்தி!"

'கிராஃப் பாருங்க. ஏத்தலாமா? அர்ஜென்ட்' என்று தட்டி, படத்தோடு அனுப்பினாள் தமிழ்ச்செல்வி.

சம்பந்தம் முனகினார். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. சின்னம்மாள் அவர் உள்ளங்காலைத் தேய்த்தபடி அந்த போனையே பார்த்தாள்.

"இன்னாம்மா, இன்னும் ஒண்ணும் சொல்லலியா அவரு?"

"ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு டாக்டர்! டைப் பண்ணிகினு இருக்காரு..."

கனிமொழியின் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு, அவளுக்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்திருக்கலாம்.

"வந்துடுச்சு! 'பாத்துட்டேன்மா. கோடு ரொம்பத் தெளிவா இருக்குது. தாராளமா ஏத்திடலாம்.'"

"தமிழ்லயா போட்டிருக்காரு?"

"ஆமா டாக்டர். கும்பிடுற கை வேற போட்டிருக்காரு."

துரைக்கண்ணு சாருக்கு வார்த்தை என்றால் சர்க்கரை மாதிரி, அளந்துதான் சேர்த்துக்கொள்வார். திட்டும்போது தவிர, இங்கிலீஷில் ஒரு 'ஓகே'வுக்கு மேல் அவரிடமிருந்து வந்ததே கிடையாது. ஒரு உயிர் என்றதும் அந்த மனுஷருக்கும் மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் கனிமொழி. அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது.

அடுத்து வந்ததுதான் நரகம். மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் பேச்சு குழறும். அதனால் அவரைத் தூங்கவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உங்க பேரு சொல்லுங்க."

"சம்பந்தம்..."

"கைய தூக்குங்க. இன்னொரு தடவ பேரு சொல்லுங்க."

சம்பந்தத்தின் கண் மூடிக்கொண்டது. கனிமொழி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அய்யா! பேரு சொல்லுங்க!" என்று கத்தியே விட்டாள்.

சம்பந்தம் மெல்லக் கண்ணைத் திறந்தார். "அதான் அப்பவே சொன்னேனேமா. நெஞ்சுல வெச்ச கல்ல எடுத்தாப்பல கீது. தறி பாதியில நிக்குது, எப்ப போலாம்?"

மறுபடி எடுத்த இ.சி.ஜி.யில் கோடு சாதுவாக இறங்கியிருந்தது. தமிழ்ச்செல்வி சிரித்தாள். கனிமொழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சின்னம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குமா கும்பிடு? தனியா முடிவெடுக்க எனக்கு தைரியமே கெடையாது. வேலூர் பெரிய டாக்டர் ஒரு வார்த்த சொன்னாரு, ஏத்தினேன். நன்றிய அவருக்குச் சொல்லுங்க." மனதாரத்தான் சொன்னாள்.

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. திரையில் 'துரைக்கண்ணு' என்று ஒளிர்ந்தது. கனிமொழி ஸ்பீக்கரைப் போட்டு, போனைச் சின்னம்மாளிடமே நீட்டினாள்.

"சாமி! நீங்க நல்லா இருக்கணும் சாமி! நீங்க ஏத்தச் சொன்னதாலதான் எங்க ஊட்டுக்காரரு பொழச்சாரு!"

மறுமுனையில் தறி ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"டாக்டரம்மா இல்லிங்களா? நான் டிசைன் போடற துரைக்கண்ணு பேசறேன். அவங்க அனுப்புன கிராஃபை கல்யாணப் பொடவ பார்டருக்கு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், கோட்டுக்கு அரக்கு போடட்டுமா, மயில்கழுத்து போடட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க."