கோடு விழாமல்

துணியை மரச்சாயத்தில் தோய்த்துப் பிழிந்தாள்.

இனி எழுந்திருக்க முடியாது.

பைன் பலகை அப்படி. ஓரிடத்தில் சாயத்தைக் குடிக்கும், இன்னோரிடத்தில் துப்பும். இரண்டு நாள் உப்புத்தாளால் தேய்த்திருந்தாள். மரத்தின் துளைகளை அடைக்கும் சீலரில் தின்னர் விட்டு இளக்கி, நேற்றே ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டிருந்தாள்.

அதெல்லாம் செய்தாலும் கடைசியில் கை நிற்கக் கூடாது. ஒரு முனையில் தொடங்கினால் ஈரம் காய்வதற்குள் மறுமுனைவரை இழுத்துப் போய்விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு கருங்கோடு விழும். பிறகு எத்தனை தேய்த்தாலும் போகாது.

இருபது நிமிடம் போதும்.

இரண்டு வருடமாக அந்த இருபது நிமிடம் கிடைக்கவில்லை.

பக்கத்துப் பம்பு கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளை வைத்து முதலில் ஒரு ஷெல்ஃப் செய்தாள். நடுத்தட்டில் ஒரு கோடு. கணவர் தனபால் தண்ணீர் கேட்ட நேரம் அது. அப்புறம் ஒரு முக்காலி. அதில் இரண்டு கோடு. அன்று அவருக்கு வயிறு சரியில்லை.

வாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. கட்டில் உள்ளறையில். கூப்பிட்டால் போவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

இது எழுதும் மேசை. அவளுக்கு.

எழுத எதுவும் இல்லை.

நேற்று அண்ணன் வந்திருந்தார். தனபாலைச் சேர்க்க ஆனைமலைப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்துவைத்திருக்கிறார். நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம். ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம்.

"நாளைக்குள்ள மாப்பளகிட்டச் சொல்லிரு கண்ணு. உனக்கு வாய் வல்லீன்னா நான் வந்து சொல்லிப்போடறேன்."

"நானே சொல்றண்ணா."

காலையில் இட்லியைப் பிட்டு ஊட்டும்போது சொல்லியிருக்கலாம். உடம்பு துடைக்கும்போது சொல்லியிருக்கலாம். அவர் கண்ணயர்ந்ததும் சாய டப்பாவைத் திறந்தாள்.

பலகையில் கால்வாசி முடிந்தது. நிறம் சீராக இறங்கியது.

பாதி.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

காது மட்டும் எழுந்து போனது. இப்போது கூப்பிடுவார். சுகந்தி என்று முழுதாக வராது. சுந்தி என்பார்.

கூப்பிடவில்லை.

மறுபடி கிறீச். ஏதோ உருண்டு விழுந்தது. எழுந்திரு என்றது உடம்பு. அவள் எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பலகையின் ரேகையோடு துணியை இழுத்தாள். இன்னும் ஒரு சாண்.

முனை வந்துவிட்டது.

சற்று ஊறவிட்டு, மிஞ்சிய சாயத்தைப் பழைய பனியன் துணியால் துடைத்தெடுத்தாள். தேன் நிறம். எங்கும் ஒரே நிறம். இப்படி ஒன்றை அவள் கை செய்ததில்லை.

உள்ளே சத்தமே இல்லை.

எழ நினைத்தாள். துணியை மடித்து டப்பா மேல் வைத்தாள். ஒருவேளை அவர் உயிர் போய்விட்டிருந்தால் என்று ஓர் எண்ணம் வந்தது. அதில் பயம் மட்டும் இருக்கவில்லை.

அது தெரிந்ததும் ஓடினாள்.

இடக்கையால் கட்டில் கம்பியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக் கிடந்தார். விழித்திருந்தார். தரையில் மாத்திரை டப்பா. வேட்டியும் விரிப்பும் நனைந்திருந்தன.

"கூப்பிட்டிருக்கலாமுல்லங்க."

"பாதில எந்திரிச்சா கோடு விழுந்துருமே." வார்த்தை குழறியது. ஆனால் புரிந்தது. "முடிஞ்சுதா?"

தலையாட்டினாள்.

அவர் திட்டியிருந்தால் அந்த நிமிடமே இல்லத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாள். எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது.

வெந்நீர் கொண்டுவந்தாள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து விரிப்பை உருவினாள். முதுகைத் துடைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அடுத்தாப்புல ஒரு கட்டிலு செய்யி. பெருசா. நீ எத்தன நாளைக்குத் தரைல படுப்ப."

அவருடைய வலக்காலைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். கனத்தது.

"ரெண்டு பேருக்குங்களா?"

அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

"செரிங்க" என்றாள்.