குனிந்த தலை

மான்சிக்கின் முழங்கால் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. முப்பது வருடம் கப்பலுக்கடியில் மண்டியிட்டு வெல்டிங் செய்தவருக்கு வேறெப்படி இருக்கும்? தென்கொரியாவின் உல்சான் நகரப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடமில்லை. பெஞ்சு முழுக்கப் போனில் கவிழ்ந்த தலைகள்.

"ஏம்மா, வேலைக்குப் போறவன் நிக்கிறேன். அந்தப் போனுக்குள்ள என்ன சோறா வேகுது?" என்று ஓரத்தில் இருந்த பெண்ணிடம் எரிந்து விழுந்தார்.

"மன்னிச்சுக்கங்க" என்று அவள் எழுந்தாள். கண் மட்டும் போனைவிட்டு நகரவில்லை.

"எழுந்தும் தலை நிமிரல பாரு! எங்க கப்பல் கட்டுற தளத்துல இப்படி இருந்தா கை போயிரும்."

அப்போது அவசரத் தகவல் ஒன்று வந்து எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறின. மற்றவர்கள் அந்தத் தகவலைத் தடவித் தள்ளிவிட்டார்கள். அவள் மட்டும் படித்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தையும், காலில் இருந்த வீட்டுக்குள் போடும் செருப்பையும் பார்த்தாள்.

"தாத்தா, எந்த வேலைக்குப் போறீங்க?"

"காலை ஷிப்ட்டுக்குத்தான். கம்பெனி பஸ்ஸைக் காணோம்."

"உங்க பேரு பியோ மான்சிக்தானே?"

போனைத் திருப்பிக் காட்டினாள். அவருடைய படம். கீழே: காணவில்லை, வயது எண்பத்தொன்று, ஞாபகமறதி உள்ளவர்.

தகவலில் இருந்த எண்ணுக்குப் பேசிவிட்டு, தன் பேருந்தையும் விட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

மகள் ஹேரான் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "வேலையை விட்டு இருபது வருஷம் ஆச்சேப்பா!"

மான்சிக் திரும்புவதற்குள் அந்தப் பெண் அடுத்த பேருந்தில் ஏறிவிட்டாள். அவள் பேரைக்கூட அவர் கேட்கவில்லை. திட்டியதற்கு மன்னிப்பும், கையை விடாமல் நின்றதற்கு நன்றியும் அவர் அவளுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்.