பாட்டாகிப்போன கூவல்

சாய்ந்தமருது ஒழுங்கையில் பத்து மணி வெயில். மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மீன் பழுதாகிவிடும். "மீனே... மீனேய்" என்று கூவும் றஸாக், வழக்கம்போல் கடைசியில் ஒரு தரம் விக்குகிறான். ஒரு வீட்டுக் கேற்றும் திறக்கவில்லை. யாரோ அந்தக் கூவலைப் பதிந்து இணையத்தில் போட, இன்னொருவர் மேளம் சேர்க்க, இப்போது கல்யாண வீடு, ஓட்டோ எங்கும் அதுதான் பாட்டு. மதிலுக்குள் உம்மு மகளை ஏசுகிறாள். "ஜெனூபா, அந்தப் பாட்ட நிப்பாட்டு புள்ள." "நான் போடல்ல உம்மா, அது வெளியால கேக்குது." அது காதில் விழ, றஸாக் மதிலோரம் வண்டியை நிறுத்துகிறான். "உம்மு ராத்தா, நேத்து பழுதெண்டு நீங்க ஏசின சூரை மீன்ட தம்பி வந்திரிக்கான்." கேற் படாரென்று திறக்கிறது. "ஊருக்கே கேக்கக் கத்துறீங்களே றஸாக் காக்கா" என்று உம்மு மீன் சட்டியோடு வருகிறாள். சண்டை பார்க்க மற்றக் கேற்றுகளும் திறக்கின்றன. எல்லார் கையிலும் சட்டி இருக்கிறது.