பப்பாளிக்காய்க் கூட்டு

"நீயெல்லாம் ஒரு மாமியாரா? வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு எவளாவது பப்பாளிக்காயைக் கூட்டு வெச்சிப் போடுவாளா?"

திருநின்றவூரில் ரயில்வே லைன் ஓரத்துத் தெருவே கூடி நின்றது. கத்தியது வேறு யாருமில்லை, லட்சுமியம்மாள் பெற்ற மகள் கங்கம்மாதான்.

லட்சுமியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊரில் எவள் மாசமானாலும் எள்ளு தின்னாதே, பப்பாளி தின்னாதே என்று வீடு வீடாகப் போய் மிரட்டுகிற பொம்பளை. அவள் கையாலேயே மருமகளுக்குக் கரு கலைந்துவிட்டது என்றால் தெரு சும்மா இருக்குமா?

"சொரக்காய்னு நெனச்சி அரிஞ்சிட்டேன்டி. கண்ணு மங்கிப் போச்சி."

"கல்யாணமாகி இத்தினி வருசம் கழிச்சி இப்பத்தானே தங்கிச்சி! மூஞ்சியும் கையுமா பூரிச்சி, எப்படி இருந்தா செண்பகம்! அடிப்பாவி!" பக்கத்து வீட்டு ரோசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கங்கம்மா தம்பி பக்கம் திரும்பினாள்.

"வரதா, இவ வயித்துல இனிமே எங்க தங்கப் போவுது? எம்பொண்ணு சின்னப்பொண்ணைக் கட்டிக்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

"ரெண்டாந்தாரம் கட்டக்கூடாதுன்னு சட்டம் வந்துட்டுதுக்கா."

"அது மெட்ராஸ் சட்டம்டா. போன வருசம் ஸ்டேட்டைப் பிரிச்சதுல திருத்தணி இப்ப ஆந்திராவுல கீது. அங்க போய் மாலை மாத்திகினா எவன் கேப்பான்?"

வரதன் ரயில்வே கேங்கில் கூலி. அதிகம் பேசாதவன். அன்று பேசினான்.

"சும்மா இருக்கா. ஒருவாட்டி தங்கிச்சில்ல? மறுபடியும் தங்கும். அவமேல இன்னா குத்தம்? எல்லாம் இந்தம்மா பண்ண வேலை." அம்மாவை முறைத்தான். "இனிமே உன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்கமாட்டேன். அடுப்பாண்டயே நீ போவாதே."

ஒரே மகன். லட்சுமியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கங்கம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாள். தெருவும் வாய் வலிக்கத் திட்டிவிட்டுக் கலைந்தது. வரதன் டூட்டிக்குப் போனான்.

உள்ளே படுத்திருந்த செண்பகம், தூக்க முடியாத உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து மாமியார் பக்கத்தில் விழுந்து அழுதாள்.

"ஏன் அத்தே இப்படிப் பண்ணே? நான் அவருகிட்ட நெசத்தைச் சொல்லிடறேன்."

"மூச்சு விடாதே!"

"வயித்துல புள்ளையே இல்லியே அத்தே! கழுத்துல இருக்கிற சுரப்பி சரியா வேலை செய்யல, அதான் ஒடம்பு ஊதிப்போயி, மாசாமாசம் வர்றதும் நின்னுபோச்சின்னு டாக்டரம்மா சொன்னாங்களே!"

"அதுக்குள்ள நாமதான் அவசரப்பட்டுத் தெருவெல்லாம் சொல்லிட்டோமே. இப்ப புள்ளையே இல்லேன்னு சொன்னா உன்னை மலடின்னு தொரத்திடுவாங்கடி. எம்பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

லட்சுமியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தா, டாக்டரம்மா குடுத்த மாத்திரை. இளைச்சா குட்டு வெளிப்பட்டுடும்னுதானே முழுங்காம கெடந்தே? நாளுக்கு ஒண்ணு போடு. சீக்கிரம் இளைக்கணும்னு ரெண்டா முழுங்காதே, நெஞ்சு படபடத்துப் பூடுமாம். பட்டினியும் கெடக்காதே. ஒடம்பு மெதுவாத்தான் வத்தணும்னாங்க. சரியானா புள்ளையும் தங்கும்னாங்க."

"பேரப்புள்ளையக் கொன்னவள்னு ஊரே உன்னைக் காறித் துப்புதே அத்தே! பெத்த புள்ளையே உன் கையால தண்ணி வாங்க மாட்டேங்கிறாரே!"

லட்சுமியம்மாளுக்கும் அப்போதுதான் கண் கலங்கியது. மருமகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"துப்பட்டும். நீ இளைக்க இளைக்க, 'பாவம், மாமியாக்காரி கொடுமையில ஓடாத் தேயறா'ன்னுதான் பேசுவாங்க. நீ தைரியமா மாத்திரையைப் போடும்மா."