முன்கூட்டியே அழித்த வரி

வகுப்புக்குள் காலெடுத்து வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பத்தொன்பது வருடமாக வேதபாடம் எடுக்கிற பியூலா டீச்சர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயப்படுகிறாள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாவது பெஞ்சில் அபிஷா வந்திருந்தாள்.

அம்மாவை அடக்கம் பண்ணிப் பதினோரு நாள் ஆகிறது.

பியூலா அந்தப் பக்கம் பார்க்காமல் நேராகக் கரும்பலகைக்குப் போனாள். இடது மூலையில் ஒரு கட்டம். ஜெபக் குறிப்பு எழுதுகிற இடம். பிள்ளைகள் எழுதுவார்கள், வகுப்பு ஜெபிக்கும். கேட்டது கிடைத்ததும் எழுதிய பிள்ளையே வந்து அந்த வரியை அழிக்கும். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

போன மாதம் அபிஷா எழுதியிருந்தாள்: அம்மா, ஆசுபத்திரியில்.

ஜெபித்துவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நாலு பேர் மெச்சுவது எப்படி?

சுகம் கிடைத்தாயிற்று என்று விசுவாசி, இப்போதே அழி என்றாள் பியூலா. டஸ்டரையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். கர்த்தர் போட வேண்டிய கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிட்ட மாதிரி.

அபிஷா அழித்தாள். வகுப்பு கை தட்டியது. டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் போன பியூலா, கூட்டத்துக்குப் பின்னால் நின்று அப்படியே திரும்பிவிட்டாள்.

இன்று அப்படித் தப்ப முடியாது. ஆறுதல் வசனங்களை ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தாள். தாள் உள்ளங்கை வியர்வையில் நைந்துபோயிருந்தது.

ஏன் டீச்சர் என்று கேட்டால் என்ன சொல்வது?

கேட்காமல், இனி எனக்கு ஜெபமே வேண்டாம் என்று அந்தப் பிள்ளை இருந்துவிட்டால்?

அதுதான் அவளை அதிகம் நடுக்கியது.

"ஜெபக் குறிப்பு..." என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அபிஷா எழுந்தாள்.

நடந்து வந்தாள். சாக்பீசை எடுத்தாள்.

அப்பா, காய்ச்சல், மூன்று நாளாக.

எழுதிவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

"இதையும் அழிக்கச் சொல்லாதீங்க டீச்சர். சும்மா கேளுங்க, போதும்."

தன் இடத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளும் மூடிக்கொண்டார்கள்.

இத்தனை வருடம் நின்றபடியே ஜெபித்தவள், மேசையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இறங்கினாள்.

"ஆண்டவரே..."

அதற்கு மேல் வரவில்லை.

கேட்கத்தான் வேண்டும். கொடுப்பாரா என்று தெரியாமல் கேட்க வேண்டும். அப்படி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

வராந்தாவில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடந்து போனார்கள். பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அவளுக்கு உதடுதான் அசைந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு குரல் மெல்ல "ஆமென்" என்றது.

இரண்டாவது பெஞ்சிலிருந்து.