பன்னிரண்டாவது வண்டி

ஏறும்போது வயிறு முட்டக் குடிக்கும். இறங்கும்போது தாகத்தில் வறண்டு நின்றுவிடும். அது என்ன?

யோசித்துக்கொண்டே படியுங்கள். எங்கள் மலையூரில் அன்று பதினோரு பேருக்கு விடை நினைவுக்கு வரவில்லை.

பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டோபரின் ஞாயிறு. உச்சியில் உள்ள தேவாலயத்தில் மொபெட்டுகளை மந்திரித்ததும், எல்லாரும் வரிசையாக அடிவாரத்துக்கு இறங்குவது வழக்கம். ஸ்லோவேனியாவின் மற்ற ஊர்களில் கார்கள்; எங்கள் ஊரில் மொபெட்டுகள்.

“மூணாவது வளைவுல லுட்விக் படுத்த படுக்கையா இருக்கார். யாரும் ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. சத்தமே வரக் கூடாது” என்றார் பாதிரியார்.

பதினோரு வண்டிகள் பூனை போல இறங்கின.

பன்னிரண்டாவது, ப்ரீனாவுடையது. வயது பதினைந்து. லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம்.

“ர்ர்ரூம்!” பத்து எண்ணுவதற்குள் இன்னொரு “ர்ர்ரூம்!” லுட்விக்கின் ஜன்னலுக்கு நேராகவும் ஒன்று.

அடிவாரத்தில் அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், முதல் வண்டியில் வந்த விடுதிக்காரர் ஸ்ரெச்கோ பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, நோயாளி வாசல்ல வாணவேடிக்கையா?”

“இல்ல மாமா. நம்ம மொபெட் எஞ்சினுக்கெல்லாம் எண்ணெய் பெட்ரோலோட கலந்துதான் போகுது. ஆக்சிலேட்டரை விட்டுட்டு கியர்ல இறங்கினா, எஞ்சின் சுத்தும், எண்ணெய் போகாது. பிஸ்டன் காய்ஞ்சு இறுகிடும். அதான் நடுநடுவுல ஒரு வாய் குடுத்தேன்.”

“கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு உருட்டிட்டு வர்றதுதானே?”

“இந்த இறக்கத்துல வெறும் பிரேக் தாங்காது.”

“பெரிய மெக்கானிக்! ஒரு நாள் காய்ஞ்சா குடியா முழுகிடும்?”

“போன வருஷம் எங்க தோட்டத்துச் சரிவுல ஓட்டிப் பழகினப்போ பழைய பிஸ்டன் அப்படித்தான் போச்சு. என் தப்புதான். குளிர்காலம் முழுக்க உக்காந்து புதுசு போட்டேன். நானே போட்டேன்.”

பாதிரியாரும் காரில் வந்து சேர்ந்தார். முகம் இறுகியிருந்தது.

“போய் மன்னிப்புக் கேளு ப்ரீனா. இல்லைன்னா அடுத்த வருஷம் வரிசையில உனக்கு இடம் கிடையாது.”

ப்ரீனாவுக்குக் காது வரை சிவந்தது.

“தூக்கத்தைக் கெடுத்ததுக்குக் கேக்கறேன் ஃபாதர். ஆனா தப்பா ஓட்டினேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

“வாயைப் பாரு!” என்றார் ஸ்ரெச்கோ.

அப்போது சாலையில் ஒருவர் வேகமாக நடந்து வருவது தெரிந்தது. லுட்விக்கின் மனைவி பாவ்லா. இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

“யாரது, வழியெல்லாம் உறுமிட்டு வந்தது?”

பதினோரு விரல்கள் நீண்டன.

“நான்தான் அத்தை. அவரை எழுப்பியிருந்தா மன்னிச்சுக்குங்க.”

“அவர் எங்கே தூங்கினார்? காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தார். ஒவ்வொரு வண்டியா சத்தமில்லாமப் போச்சா, ‘ஏண்டி, நான் செத்துட்டேனா? சவ ஊர்வலம் மாதிரி போறானுங்களே’ன்னு மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார்.”

பாதிரியார் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“அப்புறம் நீ வந்தே. எழுந்து உக்காந்துட்டார்! ‘ஒருத்தனுக்காவது ஓட்டத் தெரியுதே, யாருடி அவன்’னு கேட்டார். அவனோ அவளோ, பார்த்துட்டு வந்து சொல்றேன்னு ஓடி வந்தேன்.”

ஸ்ரெச்கோ தன் வண்டியின் எஞ்சினைக் குனிந்து பார்த்தார்.

பாவ்லா ப்ரீனாவின் தோளில் கை வைத்தார்.

“வீட்டுக்கு வந்து அவரோட நாலு வார்த்தை பேசுறியா? வால்நட் வெச்சுச் சுருட்டின பொட்டித்சா சுட்டு வெச்சிருக்கேன், சூடு ஆறலை. இல்ல, இன்னொரு தடவை ஓட்டிட்டு வர்றியா? ஜன்னல் திறந்துதான் இருக்கு.”

ப்ரீனா டாங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் போதுமா என்று பார்த்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தேவாலயத்தை நோக்கி ஏறினாள்.